அனல் மின் நிலையம் யாருடைய வாசலில்?

மின்சாரம் வேண்டும், அதை மறுப்பார் எவருமிலர். ஆனால், அதற்காக நிலக்கரியை எரிக்கும் புகைபோக்கி எவருடைய வாசலில் எழுவது? வாசகர்களே, சற்றே சிந்தியுங்கள்!

கென்யாவின் கடலோரத் தீவு லாமு. பவளக் கல்லாலும் கண்டல் மரத்தாலும் கட்டிய வீடுகள், பழம்பெரும் பள்ளிவாசல்கள், சிறப்புமிகு மீலாது விழா என விளங்கும் சுவாஹிலி முஸ்லிம்களின் ஊர் அது. 2001இல் யுனெஸ்கோ அப்பழைய நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அதனருகே 1,050 மெகாவாட் அனல் மின் நிலையம் அமைக்க 2016இல் உரிமம் வழங்கப்பட்டது. வெந்நீர் கடலில் கலந்தால் மீன்வளம் என்னாவது? கந்தகப் புகை பவளக் கல்லை அரிக்காதா? சாம்பலை எங்கே கொட்டுவது? கவலையுற்ற ஊரார் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தனர்.

2019 ஜூனில் கென்யாவின் தேசியச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் அவ்வுரிமத்தை ரத்துச் செய்தது. முதன்மையான காரணம், அங்கு வாழும் மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கப்படவில்லை என்பதே!

நிலத்தின் விலையையும் துறைமுகத்தின் தொலைவையும் கணக்கிடுவோர், அங்கு வாழ்வோரின் மூச்சையும் பிழைப்பையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். உங்கள் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் வாளாவிருந்துவிடாதீர்கள். ஆய்வறிக்கையைக் கேட்டுப் படியுங்கள், சென்று பேசுங்கள்.