காப்புப் பீங்கான்

போடிநாயக்கனூரினின்று குரங்கணி நோக்கிச் செல்வோர், ஏலமலைச் சரிவில் மின்கம்பிகள் ஏறிச் செல்வதைக் காண்பர். ஆயின் கம்பத்தின்மேல் அக்கம்பியைத் தாங்கும் பழுப்புநிறப் பீங்கானை உற்று நோக்குவோர் சிலரே. மின்சாரம் கம்பத்தின் வழியே மண்ணில் இறங்காவண்ணம் தடுப்பது அதுவே. இன்சுலேட்டர் எனப்படும் இதனைக் காப்புப் பீங்கான் என்போம்.

மலையில் இதற்கு நேரும் சோதனை பெரிது. மழையும் மூடுபனியும் இதன்மேற் படிந்த தூசியை நனைக்கின்றன. நனைந்த தூசி மின்சாரத்திற்கு வழியாகின்றது. ஆதலின் பீங்கானின் அடிப்புறத்தில் வளையம் வளையமாக விளிம்புகள் அமைத்து, கசிவு கடக்கவேண்டிய தூரத்தை நீட்டுவர். 11 கிலோவோல்ட்டுக் கம்பிக்கு ஒரு தட்டுப் போதுமாயின், 110 கிலோவோல்ட்டுக் கம்பிக்கு ஏழெட்டுத் தட்டுகளைக் கோவையாகத் தொங்கவிடுவர்.

இதன் மூலப்பொருள்கள் வெண்களிமண், பெல்ஸ்பார், படிகக்கல் என்பன. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணில் வெண்களிமண்ணும் கிடைத்தது. அதனை அடுத்த வடலூரில் இத்தகைய பீங்கான்கள் செய்யப்பட்டு வந்துள்ளன. மூன்றையும் நீருடன் நுண்ணிதாக அரைத்து, நீரைப் பிழிந்து, காற்றுக் குமிழி நீங்கப் பிசைந்து, வடிவு செய்து, மெல்ல உலர்த்தி, மெருகு பூசி, 1,200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் சுடுவர். உலர்த்துவதில் அவசரப்பட்டால் வெடிப்புண்டாகும். சூளையில் வெப்பம் குறைந்தால் நுண்துளைகள் எஞ்சும். அத்துளைகளில் ஈரம் புகுந்தால் மின்சாரம் பீங்கானைத் துளைத்துக்கொண்டு பாயும்.

இக்குறைகள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படா. ஆதலின் சோதனை வேண்டும். ஒவ்வொரு தட்டையும் பாரமிட்டு இழுத்தும், உயர்ந்த மின்னழுத்தத்திற்கு உட்படுத்தியும் பார்ப்பர். மாதிரிக்கெனச் சிலவற்றை எடுத்து, 70 பாகை வேறுபாடுள்ள வெந்நீரிலும் தண்ணீரிலும் மாறிமாறி அமிழ்த்துவர். உடைத்த துண்டுகளைச் சாயநீரில் மிகுந்த அழுத்தத்துடன் வைப்பர். சாயம் உள்ளே ஊறினால் அப்பீங்கான் ஆகாது.

விலை குறைவென்று சோதனை குன்றிய பொருளை வாங்குவோர், மிச்சமென்று எண்ணுவது மிச்சமன்று. பறித்த ஏலக்காயை விரைவில் உலர்த்தாவிடின் அதன் பசுமை கெடும். மின்சாரமின்றி உலர்த்தும் அறையின் விசிறி நின்றால் ஓராண்டு உழைப்பிற்கே ஊறு நேரும். அதனினும் கொடிது, கசிவுற்ற கம்பத்தை அறியாது தொடுவோர்க்கு நேரும் மரணம். நள்ளிரவு மழையில் வழுக்கும் பாதையில் ஏறிப் பழுதைத் தேடுபவனும் ஒரு குடும்பத்தைத் தாங்குபவனே. அவனுடைய உயிர், எங்கோ ஒரு சூளையருகே, குறையுள்ள தட்டைத் தயங்காது ஒதுக்கிவைக்கும் கையைச் சார்ந்துள்ளது. யந்திரத்தின் நம்பகம் என்று நாம் கூறுவது, முடிவில் அதைச் செய்த மனிதரின் நேர்மையே ஆகும்.