மீன் விற்றுத் தீரும் முன் முடிவு வருமா?

புது தில்லி: ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் வாங்க வருவோரின் முதல் வேலை செவுளைத் தூக்கிப் பார்ப்பதுதான். சிவந்திருந்தால் பேரம் தொடங்கும். வெளுத்திருந்தால் அடுத்த கடை. தலைநகர் வாழ் தமிழர்களும் மலையாளிகளும் வங்காளிகளும் நம்பும் ஆய்வுக்கூடம் இந்தக் கண்ணும் விரலுமே.

கடலில்லாத ஊருக்குக் கடல் மீன் ஐஸ் பெட்டியில் வந்து சேர நாளாகும் என்பதால் சந்தேகமும் உடன் வருகிறது. 2018 ஜூனில் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டபோது, நேர்மையான வியாபாரியும் சேர்த்தே சந்தேகிக்கப்பட்டார்.

நாடாளுமன்றம் 2006-ல் நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 46-வது பிரிவு, மாதிரி கிடைத்த 14 நாள்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்கிறது. காலையில் வந்த மீனோ மாலையில் யாரோ ஒருவர் வீட்டுக் குழம்பில் கொதித்துக் கொண்டிருக்கும்.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய காகிதப் பட்டை, ஃபார்மலினை நிமிடங்களில் நிறமாற்றத்தால் காட்டிவிடும். ஆனால், கெட்ட அயிலையில் உருவாகி, கொதிக்க வைத்தாலும் அழியாத ஹிஸ்டமின், நோய்க் கிருமிகள் போன்றவற்றை மிகக் குறைந்த அளவிலேயே கண்டறிய வேறு வழி வேண்டும். ஒளிரும் சாயம் அதில் ஒன்று. தேடும் பொருளுடன் சாயம் ஒட்டிக்கொண்டு ஒளிரும். பொருள் குறைந்தால் ஒளியும் மங்கும்.

அந்த மங்கிய ஒளியைப் பெருக்கித் தருபவைதான் வெள்ளி, தங்க நானோ துகள்கள். ஒளி பட்டதும் துகளிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒருசேர அதிர்கின்றன. அருகே ஒளிப்புலம் செறிவடைகிறது. அங்குள்ள சாயம் அதிக ஒளியை ஏற்று, விரைவாக உமிழ்கிறது. ஆனால், சாயம் உலோகத்தைத் தொட்டுவிட்டால் ஒளியை உலோகமே விழுங்கிவிடும். சுமார் 10 நானோமீட்டர் இடைவெளி தேவை. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு! அமெரிக்காவின் மேரிலாந்தில் ஜோசப் லகோவிச், கிறிஸ் கெடெஸ் ஆகியோர் 2000-களின் தொடக்கத்தில் இத்துறையை வளர்த்தனர். இந்தியாவில் புட்டபர்த்தியிலுள்ள ஸ்ரீ சத்ய சாயி உயர்கல்வி நிறுவனத்தில் சாயி சதீஷ் ராமமூர்த்தி குழுவினர், மெல்லிய உலோகப் படலத்தின் மூலம் ஒளியைக் குறிப்பிட்ட கோணத்தில் திருப்பிப் பெருக்கும் ஆய்வுகளை நடத்தியுள்ளனர்.

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகட்டில் கிடைக்கும் வெற்றி மீன் கடையில் எளிதல்ல. மீன் திசுவே சிறிது ஒளிரும். ரத்தமும் வழுவழுப்பும் அளவீட்டைக் குழப்பும். ஆயிரம் பட்டைகளிலும் துகள்கள் ஒரே சீராகப் படிய வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும்.

2007-ல் மத்திய அரசு ரூ.1,000 கோடியில் நானோ மிஷனைத் தொடங்கியது. ஆய்வுக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. சந்தைக்கு ஏற்றதாக உருவானது என்னவோ அந்தச் சாதாரணக் காகிதப் பட்டைதான். அதையும் ஒவ்வொரு மீன் மார்க்கெட்டிலும் நாள்தோறும் பயன்படுத்த அரசு உத்தரவிட்டாலே, 14 நாள் காத்திருப்பில் பாதிப் பிரச்னை தீரும்.