கடலுக்கும் உண்டு மண்புழு!

‘விவசாயியின் நண்பன் மண்புழு’ - சின்ன வகுப்பிலிருந்தே கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வாக்கியம். ஆனால், சார்லஸ் டார்வினுக்குப் புளிக்கவில்லை! பரிணாமம் என்று சொல்லி உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கிய அந்த மனுஷர், கடைசியாக எழுதிய புத்தகமே மண்புழுவைப் பற்றித்தான். 1881-ல் வந்தது. இங்கிலாந்தின் பல இடங்களில், ஏக்கருக்கு வருஷம் 10 டன்னுக்கு மேல் மண், புழுக்களின் வயிற்றில் புகுந்து புறப்படுகிறது என்று அதில் கணக்குப் போட்டிருந்தார். கூலி கேட்காத உழவன்!

சரி, வயலுக்கு மண்புழு. கடலுக்கு?

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் போனால் பதில் கிடைக்கும். அட்டை! கடல் அட்டை.

உடனே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் குடிக்கிற அட்டைக்கும் இதற்கும் ஒண்ணுவிட்ட சொந்தம்கூடக் கிடையாது. இது நட்சத்திர மீனுக்குப் பங்காளி. பார்க்க முற்றின வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும். மூளை கிடையாது (யாரையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை). மூச்சு விடுவது பின்பக்கமாக! எதிரி மிரட்டினால் சில வகை அட்டைகள் குடலையே வெளியே தள்ளிவிடும். அப்புறம் சாவகாசமாகப் புதுக் குடல் வளர்த்துக்கொள்ளும்.

இதன் உத்தியோகம் மணல் தின்பது. மணலில் கலந்திருக்கும் அழுகல், பாசி, பாக்டீரியா எல்லாவற்றையும் ஜீரணித்துவிட்டு, மிச்ச மணலைச் சுத்தமாக வெளியே விடும். அப்படிக் கிளறும்போது தரைக்குள் காற்றோட்டம். கழிவில் இருக்கும் சத்து, கடல் புல்லுக்கு உரம். அந்தப் புல்தான் கடல் பசுவுக்குச் சாப்பாடு. இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டில். ஆஸ்திரேலியாவில் ஹெரான் தீவுப் பவளப்பாறைத் திட்டில் மட்டும், அட்டைகள் வருஷத்துக்கு 64,000 டன்னுக்கு மேல் மணலைப் புரட்டிப் போடுவதாக 2021-ல் ஓர் ஆய்வு சொன்னது. டார்வின் இருந்திருந்தால் இன்னொரு புத்தகம் போட்டிருப்பார்!

நம்ம ஊரில் இதை யாரும் சாப்பிடுவதில்லை. ஆனால், சீனர்களுக்கு இது ராஜ விருந்து. அதனால் இங்கே பிடித்து, வேகவைத்து, காயவைத்துக் கப்பலேற்றினார்கள். வெள்ளை அட்டைக்கு ஏக கிராக்கி. அள்ள அள்ள வருகிறதே என்று அள்ளினார்கள்.

இங்கேதான் சிக்கல். ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விட்டுவிடும்; இரண்டும் அங்கேதான் சேர வேண்டும். ஆள் அரவமில்லாத கடலில் ஒன்று இங்கே, இன்னொன்று ஒரு மைலுக்கு அப்பால் என்றிருந்தால் கல்யாணம் எப்படி நடக்கும்? கூட்டம் குறைந்தால் குலமே குறையும்.

2001-ல் மத்திய அரசு கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலி, யானைக்குப் பக்கத்து ஸீட்! பிடித்தால் 3 முதல் 7 வருஷம் வரை கம்பி எண்ணலாம்.

ஆனால், அட்டையை நம்பி அடுப்பு எரித்த குடும்பங்களின் கதி? வலையில் தானாக ஏறினாலும் திரும்பக் கடலில் விட்டாக வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து ஏறக்குறைய 18 மைல் தாண்டினால் இலங்கை. அங்கே லைசென்ஸ் வாங்கினால் பிடிக்கலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். ஒரே கடல், அந்தப் பக்கம் தொழில், இந்தப் பக்கம் ஜெயில்! கடத்தல்காரனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

இத்தனைக்கும், வெள்ளை அட்டையைத் தொட்டியில் குஞ்சு பொரிக்கவைக்கும் வித்தையை 1988-லேயே தூத்துக்குடியில் செய்து காட்டியது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். அந்தக் குஞ்சுகளில் ஒரு பங்கைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்து, ஒரு பங்கை மீனவர்கள் பண்ணையில் வளர்க்க விட்டால் என்ன?

பி.காம். படித்த எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், கடலில் கிடக்கும் அட்டை முதல். பண்ணையில் வளர்வது வட்டி. முதலில் கை வைத்தவன் உருப்பட்டதாக எந்தப் பேரேட்டிலும் இல்லை. அதற்காக வட்டியைக்கூடத் தொடாதே என்று பசித்தவனிடம் சொல்வதும் நியாயக் கணக்கில் வராது!