கண்ணும் செவியும் கூடிக் கற்றல்

எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனைக் கவனித்திருப்பீர்கள். வாக்கியத்தின் இறுதிச் சொல்லை அவன் எட்டுவதற்குள் முதற்சொல் நினைவினின்று நழுவிவிடுகின்றது. அவனுக்கு அறிவு குறைவன்று. எழுத்தை ஒலியாக்கும் உழைப்பிலேயே கவனம் முழுதும் செலவாகிவிடுகின்றது. தமிழில் இதற்குத் தனியிடர் ஒன்றும் உண்டு. வானொலியில் எழுத்தைக் காட்ட இயலாது. ஆதலின் 'கொ' என்பதை மனக்கண்ணில் எழுதிப் பாருங்கள். ககரம் முன்னும் ஒகரம் பின்னும் ஒலிக்கின்றன. வரிவடிவிலோ உயிரின் குறி ககரத்தின் இருபுறமும் நிற்கின்றது. கண் காணும் வரிசை வேறு, செவி கேட்கும் வரிசை வேறு. பழகியவர்க்கு இது தோன்றாது. தடுமாறும் பிள்ளைக்கோ பெருந்தடை.

இத்தடையைக் கடக்கத் திரைப்படப் பாட்டுத் துணைபுரியும் என்றால் பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் நம் நாட்டிலேயே அது செய்து பார்க்கப்பட்டது. அகமதாபாத்திலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1996ஆம் ஆண்டில் இதனை எண்ணினார். பாட்டு எம்மொழியிலோ, அம்மொழியிலேயே அதன் வரிகளைத் திரையின் அடியில் காட்டுவது. பாடப்படும் சொல் அந்நொடியில் நிறம் மாறுவது. இவ்வளவே. 1999இல் குஜராத்திப் பாட்டுகளிலும், 2002இல் தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' நிகழ்ச்சியில் இந்திப் பாட்டுகளிலும் இம்முறை கையாளப்பட்டது.

பாட்டுச் செவிக்கு முன்னரே பழகியது. ஆகவே அடுத்த சொல் இன்னதென அறிந்து கண் அதற்காகக் காத்திருக்கின்றது. எழுத்தும் ஒலியும் ஒரே கணத்தில் சந்திக்கின்றன. பல்லவி திரும்பத் திரும்ப வருதலால் பயிற்சியும் சலிப்பின்றி நிகழ்கின்றது. ஒரே பத்தியைப் பத்து முறை படி என்று ஆசிரியர் சொன்னால் எந்தப் பிள்ளை படிக்கும்? எழுத்தே அறியாதவனுக்கு இம்முறை பெரிதும் உதவாது. ஓரளவு அறிந்து திணறுபவனுக்கே உரியது. தொட்டவுடன் படங்கள் துள்ளும் மின்னூல்களைக் கொண்டு இவ்வேலையைச் செய்ய முயல்வாரும் உளர். துள்ளும் யானையைக் காணும் பிள்ளை சொல்லைக் காண்பதில்லை.

உங்கள் தம்பி தங்கையர்க்கு உதவ விரும்பினால் கைப்பேசி ஒன்றே போதும். வரிகள் தோன்றும் பாட்டைத் தேர்ந்து சிலநாள் உடன் பாடச் செய்யுங்கள். பின்னர் அச்சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, வரிசை குலைத்துக் காட்டுங்கள். படிக்கின்றானா, மனப்பாடத்தை ஒப்பிக்கின்றானா என்பது உடனே விளங்கும். தவறிய சொற்களை மட்டும் பாட்டில் மறுபடி தேடச் சொல்லுங்கள். அவன் குரலைப் பதிந்து அவனுக்கே கேட்பிப்பதும் நன்று. பிழையைத் தானே கேட்டுத் திருத்துவான். வகுப்பில் எல்லார் நடுவிலும் நின்று திணறும் நாணம் அங்கில்லை.