கண்டிப் படையெடுப்பும் அதற்குக் கூறப்பட்ட நியாயங்களும்

கண்டி நகரில் தலதா மாளிகைக்கு அணித்தாக, செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்கள் தாங்கி நிற்கும் மண்டபம் ஒன்றுண்டு. மகுல் மடுவ என்பது அதன் பெயர். 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் அம்மண்டபத்திலே கூடிய சபையில் கண்டி இராச்சியம் பிரித்தானிய முடிக்குக் கையளிக்கப்பட்டது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பலமுறை முயன்றும் அடக்க முடியாத இராச்சியம் ஐந்தே வாரங்களில் வீழ்ந்தது. அது எவ்வாறு வீழ்ந்தது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். பகையரசு ஒன்றின்மீது படை செலுத்துவதற்கு என்னென்ன நியாயங்கள் கூறப்பட்டன, அவற்றைக் கூறியவர் யார், மறுத்தவர் யார் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1796இல் கரையோர மாகாணங்களை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய ஆங்கிலேயருக்கு, தீவின் நடுவே சுதந்திரமாக விளங்கிய மலைநாட்டரசு ஓர் இடையூறாகத் தோன்றியது. கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு நேர்வழி செல்லவேண்டின் கண்டி மன்னனின் எல்லைக்குள் புகவேண்டும். 1798இல் தேசாதிபதியாக வந்த பிரடறிக் நோர்த், இவ்விடையூற்றை நீக்க வழி தேடினார். அதே ஆண்டில் கண்டியில் இராஜாதி ராஜசிங்கன் இறந்துபோக, மகா அதிகாரம் பதவியிலிருந்த பிலிமத்தலாவை, பதினெட்டு வயதளவினனான கண்ணுசாமி என்னும் இளைஞனை அரியணை ஏற்றினார். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்னும் பட்டப் பெயர் பூண்டவன் இவனே. தாம் ஏற்றிய மன்னனைத் தாமே இறக்கிவிட எண்ணிய பிலிமத்தலாவை, நோர்த்துடன் இரகசியப் பேச்சு நடத்தினார். இருவரும் ஒருவரையொருவர் பயன்படுத்தக் கருதினரேயன்றி, ஒருவரையொருவர் நம்பினாரல்லர்.

போருக்கு வேண்டிய காரணம் 1802இல் பாக்கு மூட்டைகளின் உருவில் வந்தது. பிரித்தானியப் பிரஜைகளான புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகள் கண்டிப் பிரதேசத்தில் வாங்கிய பாக்கை மன்னனின் உத்தியோகத்தர் பறித்துக்கொண்டனர். நோர்த் நட்டஈடு கோரினார். கண்டியரசு கோரிக்கையை மறுக்கவில்லை. ஆயினும் பணம் வந்து சேரவில்லை. 1803 ஜனவரி இறுதியில் படைகள் புறப்பட்டன. கொழும்பிலிருந்து ஜெனரல் மக்டோவலும், திருகோணமலையிலிருந்து கேணல் பார்பட்டும் சென்று கண்டியை அடைந்தபோது, நகரில் மாந்தர் இல்லை. அரண்மனையில் தீ எரிந்துகொண்டிருந்தது. முத்துசாமி என்னும் அரசகுலத்தவன் ஒருவனுக்கு முடிசூட்டிவிட்டு, சிறியதொரு காவற்படையை நிறுத்தி, பெரும்படை திரும்பிற்று.

அதன்பின் நிகழ்ந்தது மலைநாட்டுப் போர்களின் பழைய கதையே. மன்னன் காட்டுக்குள் இருந்தான். மழையும் காய்ச்சலும் நகருக்குள் இருந்தன. ஜூன் 24ஆம் நாள் மேஜர் டேவி சரணடைந்து, முத்துசாமியுடன் மகாவலி கங்கைக் கரைக்குச் சென்றார். வெள்ளப்பெருக்கால் ஆற்றைக் கடக்க இயலவில்லை. முத்துசாமியைக் கண்டியரிடம் ஒப்படைத்த பின்னரும் உயிர் தப்ப வழி பிறக்கவில்லை. வட்டாப்புளுவையில் படையினர் கொல்லப்பட்டனர். நகரில் நோயுற்றுக் கிடந்த ஐரோப்பியப் போர்வீரரும் அவ்வாறே மாண்டனர். டேவி கைதியாகவே இருந்து கண்டிச் சீமையில் உயிர் நீத்தார். நம்பி வந்த முத்துசாமி மன்னனின் ஆணைப்படி கொல்லப்பட்டான்.

இச்செய்தி இலண்டனை எட்டியபின் எழுந்த வாதம் கவனிக்கத்தக்கது. 1804இல் பொதுச்சபை உறுப்பினர் தோமஸ் கிரீவி, இப்போருக்கான காரணங்களை விளக்கும் கடிதங்களைச் சபையின் முன் வைக்க வேண்டுமெனக் கோரினார். பாக்கு மூட்டைகளின் விலைக்காக ஓர் இராச்சியத்தின்மீது படை ஏவுதல் தகுமா என்பதே அவ்வாதத்தின் உட்பொருள். ஐரோப்பாவில் நெப்போலியனுடன் நடந்த பெரும்போரின் நிழலில் அக்கேள்வி மங்கிப் போயிற்று. ஆயினும் 1805இல் நோர்த்துக்குப் பின் வந்த தேசாதிபதி மெயிற்லண்ட் தாமே முன்னவரின் கொள்கையைக் கடுமையாகக் குறைகூறி, செலவைச் சுருக்கி, போரை ஓயவிட்டார். உடன்படிக்கை எதுவும் எழுதப்படாமலே, எல்லையில் ஏறக்குறையப் பத்தாண்டுகள் அமைதி நிலவிற்று.

இனி இரண்டாவது போரைப் பார்ப்போம். இம்முறை கூறப்பட்ட நியாயம் பாக்கின் விலையன்று, மன்னனின் கொடுமை. அக்கொடுமை முற்றும் கட்டுக்கதை என்று கூறுவதற்கில்லை. 1811இல் பிலிமத்தலாவை தலை துணிக்கப்பட்டார். அவருக்குப் பின் மகா அதிகாரமான எகெலப்பொல 1814இல் சபரகமுவையில் கிளர்ச்சி செய்து தோற்றுக் கொழும்புக்கு ஓடிவர, அவருடைய மனைவியும் மக்களும் கண்டியில் கொல்லப்பட்டனர். இளைய மகன் மத்தும பண்டார அச்சமின்றிக் கழுத்தை நீட்டிய கதையைச் சிங்கள மக்கள் இன்றும் சொல்வர். அவ்வாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியப் பகுதியைச் சேர்ந்த வியாபாரிகள் பதின்மர் ஒற்றர் எனப் பிடிக்கப்பட்டு அங்கங்கள் அரியப்பட்டனர். எழுவர் இறந்தனர், எஞ்சிய மூவர், அரியப்பட்ட உறுப்புக்கள் கழுத்தில் தொங்கக் கொழும்பு வந்து சேர்ந்தனர். அக்காட்சி நகரையே உலுக்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் தேசாதிபதி பிரவுன்றிக்கின் ஆயத்தங்கள் அக்காட்சிக்குப் பின்னர் தொடங்கியவையல்ல. தலைமை மொழிபெயர்ப்பாளராயிருந்த ஜோன் டொயிலி, பிக்குகள், வியாபாரிகள், அதிருப்தியுற்ற பிரதானிகள் ஆகியோர் வாயிலாகக் கண்டிச் செய்திகளை ஆண்டுக்கணக்கில் திரட்டி வந்தார். 1810 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் உள்ளது. அதைப் படிப்போர், போர் நிகழுமுன்பே அதற்குரிய பாதைகளும் நண்பர்களும் எண்ணப்பட்டு வந்ததை உணர்வர். மன்னனின் ஆட்கள் எல்லை கடந்து வந்து தீ மூட்டினர் என்னும் செய்தி கிடைத்ததும், 1815 ஜனவரி 10ஆம் நாள் போர்ப் பிரகடனம் வெளியாயிற்று. கடிதம் ஒன்று இலண்டன் சென்று மறுமொழி வர எத்தனையோ மாதங்கள் கழியும்; கொழும்பிலிருந்த ஒருவரின் தீர்மானமே போரைத் தொடங்கப் போதுமானதாயிற்று.

அப்பிரகடனத்தின் சாரம் யாதெனில், போர் கண்டி மக்களுக்கு எதிரானதன்று, அவர்களை ஒடுக்கும் மன்னனுக்கு மட்டுமே எதிரானது என்பதாகும். இத்தகைய கூற்றைச் சோதிக்க அந்நாளில் கொழும்பில் எவ்வித வாய்ப்பும் இல்லை. 1802இல் தோன்றிய அரசாங்க வர்த்தமானியே அன்றிருந்த பத்திரிகை. அரசினர் சார்பில்லாத செய்தித்தாள் 1830களிலேதான் தோன்றிற்று. ஆகவே, போரை அறிவித்தவரும், போருக்கான சான்றை வழங்கியவரும், வெற்றியை வருணித்தவரும் ஒருவரேயாயினர்.

நூல்களிலும் இவ்வாதம் தொடர்ந்தது. 1815இலேயே, சம்பவ இடத்திலிருந்த கனவான் ஒருவர் எழுதியது என்னும் குறிப்புடன் இலண்டனில் ஒரு நூல் வெளிவந்தது. அரசாங்க மொழிபெயர்ப்புப் பகுதியில் பணிபுரிந்த வில்லியம் டொல்பிறே அதனை எழுதினார் என்பர். அது படையெடுப்பை ஆதரித்தது. படை மருத்துவராக அக்காலத்தில் இலங்கையில் பணியாற்றிய ஹென்றி மார்ஷல், 1846இல் தாம் வெளியிட்ட நூலில், போருக்குக் கூறப்பட்ட காரணங்களைத் தயங்காது குறைகூறினார். சிங்கள மொழியிலோ, 1803ஆம் ஆண்டு வெற்றியைப் பாடும் ‘இங்கிரீசி ஹட்டன’வும், நாயக்கரைத் தூற்றும் ‘வடிக ஹட்டன’வும் எழுந்தன. அண்மைக் காலத்தில், 2017இல், மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபயசேகர தம் நூலில் மன்னனைப் பற்றிய பழிகள் பலவற்றை மீண்டும் ஆராய்ந்து, அவற்றுட் கணிசமானவை அரசியல் நோக்குடன் பரப்பப்பட்டவை எனக் காட்ட முயன்றார்.

தமிழ் நேயர்கள் இவ்விடத்தில் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்க மன்னர் மதுரையுடன் உறவு கொண்டவர்; எனினும் பௌத்தத்தைப் பேணியவர். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், சீயத்திலிருந்து பிக்குகள் வரவழைக்கப்பட்டு உபசம்பதை புதுப்பிக்கப்பட்டது. அரசவையில் தமிழும் வழங்கிற்று. 1815 உடன்படிக்கையின் கையொப்பங்களிலேயே தமிழெழுத்துக் கலந்தவை உண்டு. ஆனால் அவ்வுடன்படிக்கை மன்னனை ‘மலபார்’ அரசன் என்றே குறித்தது. மன்னனின் ஆண் உறவினர் பகைவராக அறிவிக்கப்பட்டனர். வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்கள் திரும்பிவரவும் தடை விதிக்கப்பட்டது. ஒருவனது கொடுமையைக் காரணமாகக் கொண்டு தொடங்கிய போர், ஓர் இனத்தாருக்குரிய தண்டனையாக முடிந்தது. அதே உடன்படிக்கை சித்திரவதையையும் அங்கம் அரிதலையும் ஒழித்ததென்பதையும் நடுநிலையாளர் மறத்தலாகாது.

விடுவிக்கப்பட்டதாகக் கூறப்பட்ட மக்கள் என்ன எண்ணினர்? இதற்கு விடை 1817இல் ஊவாவிலும் வெல்லச எனப்படும் பகுதியிலும் கிடைத்தது. கிளர்ச்சி மூண்டபோது மக்கள் எவனைச் சூழ்ந்து நின்றனர்? தன்னைத் துரைசாமி என்றும் நாயக்க அரசகுலத்தவன் என்றும் கூறிக்கொண்ட ஒருவனை! எந்தக் குலத்தின் பிடியிலிருந்து அவர்களை மீட்டதாகப் பறைசாற்றப்பட்டதோ, அக்குலத்தின் பெயரையே அவர்கள் தேடினர். அடக்கச் சென்ற கெப்பெட்டிப்பொல திசாவை கிளர்ச்சியாளருடன் சேர்ந்து, 1818 நவம்பர் 26ஆம் நாள் போகம்பரையில் தலை துணிக்கப்பட்டார். கிளர்ச்சியை அடக்கியபோது வீடுகளும் வயல்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. ஆங்கிலேயரை அழைத்த எகெலப்பொலவே சிறைப்பட்டு, மொரிசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கே இறந்தார். மன்னனோ வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்து 1832 ஜனவரி 30ஆம் நாள் மறைந்தான்.

இவ்வரலாறு உணர்த்துவது, மன்னன் குற்றமற்றவன் என்பதன்று. எகெலப்பொலவின் மக்கள் சிந்திய குருதி மெய். அங்கம் இழந்த வியாபாரிகளின் துயரும் மெய். ஆயினும் ஒரு குற்றச்சாட்டு மெய்யாயிருத்தல் வேறு. அது போர் தொடுக்கப் போதுமானதாயிருத்தல் வேறு. சான்று கூறுவோருக்கு அப்போரால் வரும் ஆதாயம் யாது, போர் முடிந்தபின் நாட்டை ஆளப்போவோர் யார் என்னும் வினாக்களையும் உடன் வினவ வேண்டும். 1815இல் கொழும்பில் அவற்றை வினவுதற்கு ஒரு பத்திரிகையும் இல்லை, ஒரு சபையும் இல்லை. இன்று இரண்டும் உண்டு. ஆதலின் வினவாதிருப்பதற்கு அன்றிருந்த சமாதானம் இன்று எவருக்கும் இல்லை.