உப்புக் காற்றில் ஒரு தாய்ப்பலகை

இராஜாக்கமங்கலம் துறையில் கடலைப் பார்த்த வீடு ஒன்றின் சன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகின்றன. கடற்காற்று அவற்றை ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. கம்பி விரைவில் துருப்பிடிப்பது இதனால்தான். இதே காற்றுதான் உங்கள் கணினிப் பெட்டிக்குள்ளும் புகுகிறது.

கணினி வாங்கச் செல்பவர்கள் செயலியின் வேகத்தைக் கேட்கிறார்கள். நினைவகத்தின் அளவைக் கேட்கிறார்கள். தாய்ப்பலகையைப் பற்றிக் கேட்பவர் சிலரே. ஆனால், மற்ற உறுப்பு எது பழுதானாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். தாய்ப்பலகை பழுதானால் அப்படியல்ல. சில ஆண்டுகள் கழித்து அதே செயலி பொருந்தும் பலகை கிடைப்பது அரிது. பிறகு செயலி, நினைவகம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். பிள்ளையின் படிப்புக்கென்று ஒரு குடும்பம் சேர்த்த பணம் இரண்டாம் முறையும் செலவாகும். எனவே, கடலோரத்தில் லினக்ஸ் கணினி அமைக்க விரும்பும் நீங்கள் எந்தப் பலகையைத் தேர்ந்தெடுப்பது? மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

உப்பைத் தாங்குமா?

மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு மரவை நீர்விட்டுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு நீரை உறிஞ்சித் தானாகவே கரையத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும்.

தாய்ப்பலகையில் செம்புத் தடங்களுக்கு இடையேயுள்ள இடைவெளி பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதியே. உப்புநீர்ப் படலம் அங்கே பரவினால் என்ன ஆகும்? மின்சாரம் அதன் வழியே கசியும். நேர்முனையில் உலோகம் கரைந்து, எதிர்முனையில் படிந்து, மெல்லிய இழைகளாக வளரும். முலாம் பூசும் பட்டறையில் வேண்டுமென்றே செய்யும் வேலை இங்கே வேண்டாமல் நடக்கிறது. இழை எதிர்த் தடத்தைத் தொட்டுவிட்டால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுப் பலகை செயலிழக்கும்.

ஆகவே, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் செயலிக்குரிய பலகையைத் தேடுங்கள். சூடு குறைவென்றால் விசிறியின் வேகமும் குறைவு; உள்ளே இழுக்கப்படும் உப்பும் குறைவு. பழைய பலகை வாங்குவதானால் செருகுவாய்களின் ஓரத்தில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

சூட்டைத் தாங்குமா?

பலகையில் செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகள் மின்தேக்கிகள். செயலிக்குச் செல்லும் மின்னழுத்தம் ஏறி இறங்காமல் காப்பது இவற்றின் வேலை. இவற்றில் ஒரு வகையின் உள்ளே மின்பகுதிரவம் இருக்கிறது. அது நாளடைவில் உலரும். சூடு 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியாளர்கள் கையாளும் விதி. ஒரு கணக்கைப் பாருங்கள். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் மின்தேக்கி, 85 டிகிரியில் 8,000 மணி நேரமும், 65 டிகிரியில் 32,000 மணி நேரமும் உழைக்கும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் கணினி ஓடினால் முன்னது மூன்று ஆண்டுகூட வராது. பின்னது பத்து ஆண்டுகளைத் தாண்டும்.

2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில், உலகெங்கும் ஏராளமான தாய்ப்பலகைகள் பழுதாயின. மின்பகுதிரவத்தின் கலவை சரியில்லாததால் உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகி, மின்தேக்கிகளின் தலை உப்பி வெடித்ததே காரணம். இன்று நல்ல பலகைகளில் திரவமற்ற திண்மப் பாலிமர் மின்தேக்கிகள் இருக்கின்றன. தலையில் வெட்டுக்கோடு இல்லாத, தட்டையான உலோக உருளைகள் பெரும்பாலும் இவையே.

லினக்ஸ் அறியுமா?

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இன்று பல வடிவங்களில் கிடைக்கிறது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் அவற்றுள் ஒன்று. பலகையிலுள்ள ஒலி, வலையிணைப்பு போன்ற ஒவ்வொரு சில்லையும் இயக்க ஓர் இயக்கி நிரல் வேண்டும். லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் அதன் கருவோடு சேர்ந்தே வருகின்றன. ஆனால், நேற்றுச் சந்தைக்கு வந்த சில்லுக்குரிய இயக்கி அதில் இன்னும் சேராமல் இருக்கலாம். ஆகவே, மிகப் புதிய பலகையைவிட வெளிவந்து ஓராண்டு ஆன பலகையே லினக்ஸுக்கு ஏற்றது.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். லினக்ஸ் பதிந்த பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுசெல்லுங்கள். வன்தட்டில் எதையும் நிறுவாமலே கணினி அதிலிருந்து இயங்கும். கட்டளைத் திரையில் எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடம் விட்டு, சிறுகோடும் கே எழுத்தும் சேருங்கள். ஒவ்வொரு சில்லின் பெயரும், அதை ஆளும் இயக்கியின் பெயரும் வரிவரியாகத் தோன்றும். வலைச் சில்லுக்குக் கீழே இயக்கியின் பெயர் இல்லையென்றால் எச்சரிக்கையாக இருங்கள். பிறகு பாட்டு ஒன்றை ஒலிக்கவிடுங்கள், வலையில் இணையுங்கள், கணினியைத் தூங்கவைத்து எழுப்புங்கள். எல்லாம் நடந்தால் அந்தப் பலகையை லினக்ஸ் அறியும்.

வாங்கிய பின்னும் ஒரு கடமை உண்டு. பெட்டியைக் கடலைப் பார்த்த சன்னலருகே வைக்காதீர்கள். நாள்தோறும் சிறிது நேரமாவது கணினியை ஓடவிடுங்கள். ஓடும் பலகை தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும். நாள்கணக்கில் அணைத்துவைத்த பலகையில்தான் ஈரம் தங்கும். பாதுகாக்க வேண்டும் என்று கணினியைத் துணியால் மூடியே வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.