கண் மூடிய வலிப்பு

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலைப்படியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மலர்க் காவடி சுமந்து வரும் பெண்ணுக்குப் பாதி வழியில் ஆவேசம் வந்துவிடும். உடல் உதறும், தலை இடமும் வலமுமாக ஆடும். யாரும் பதறுவதில்லை. கூட வந்தவர்கள் சுற்றி நின்று, கீழே விழாமல் பார்த்துக்கொள்வார்கள். சாமி வந்திருக்கு என்பார் தமிழ்க்காரர். நகரியிலிருந்து வந்த தெலுங்குக்காரர் பூனகம் என்பார். தணிந்ததும் திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்து, காவடியை மறுபடி தோளில் ஏற்றிவிடுவார்கள்.

அதே உதறல் அடிவாரத்து வகுப்பறையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வந்தால்? கூச்சல், ஓட்டம், கைக்குள் சாவிக்கொத்து. ஆஸ்பத்திரியில் ஸ்கேனும் ஈ.ஈ.ஜி.யும் எடுத்து, "ஒண்ணுமில்லை" என்கிறார்கள். ஆறுதலாகச் சொன்ன அந்த வார்த்தை வீட்டுக்கு வரும்போது குற்றச்சாட்டாகிவிடுகிறது: ஒண்ணுமில்லைன்னா எதுக்கு விழுந்து புரள்றே? அடுத்த முறை வரும்போது வகுப்பே சொல்கிறது, "நடிக்கிறா."

அவள் நடிக்கவில்லை. மூளையில் மின்னோட்டம் தாறுமாறாவதால் வருவது காக்காய் வலிப்பு. அவளுக்கு வருவதில் அந்த மின்கோளாறு இல்லை. தாங்க முடியாத அச்சமோ துக்கமோ அழுத்தும்போது, உடல் கொஞ்ச நேரம் அவள் கட்டுப்பாட்டை விட்டு விலகிப்போகிறது. வரவழைப்பதும் நிறுத்துவதும் அவள் கையில் இல்லை. உளவியல் காரணத்தால் வரும் வலிப்பு என்று இதைச் சொல்கிறார்கள். மருந்துக்கு வலிப்பு அடங்கவில்லை என்று சிறப்பு மையங்களுக்கு அனுப்பப்படுகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருப்பது இதுதான். அதுவரை வலிப்பு மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். அவை இதற்குப் பயன்படுவதில்லை.

காக்காய் வலிப்பில் கண்கள் பெரும்பாலும் திறந்திருக்கும். இதில் பெரும்பாலும் இறுக மூடியிருக்கும். அது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும், இது நீளக்கூடும். ஆனால் இதை வைத்து ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. வலிப்பு வரும் நேரத்தில் எடுக்கும் வீடியோ ஈ.ஈ.ஜி.தான் உறுதியாகச் சொல்லும். வீட்டார் செல்போனில் எடுத்த வீடியோகூட டாக்டருக்குப் பெரிய உதவி. அது டாக்டரின் கண்ணுக்கு மட்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு அல்ல.

பெற்றோரின் பயம் வேறு. வலிப்பு என்ற சொல் வெளியே போனால் பெண்ணுக்கு வரன் அமையாதே! வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடம் தந்த சட்டப்பிரிவு 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஊர் வாய்தான் இன்னும் திருந்தவில்லை.

சிகிச்சை என்பது பேச்சுதான். என்ன நோய், ஏன் வருகிறது என்று டாக்டர் பொறுமையாக விளக்கியதுமே சிலருக்கு வலிப்பு குறைந்துவிடுகிறது. பிரிட்டனில் 368 பேர் பங்கேற்ற ஆய்வில் சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையைச் சோதித்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகும் மாதாந்திர வலிப்பு எண்ணிக்கை தெளிவாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் வலிப்பின் தொந்தரவு குறைந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. என் பார்வையில் அது சிறிய லாபமல்ல. பள்ளிக்குத் திரும்ப முடிகிறதே.

யாரிடம் பேசுவது? 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. எந்த மொழியில் என்பதும் முக்கியம். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பல வீடுகளுக்குள் தெலுங்கு அப்படியே இருக்கிறது. பள்ளியில் தமிழில் பதில் சொல்லும் பிள்ளை, அம்மாவிடம் அழும் மொழியில்தான் பயத்தைச் சொல்லும். வீட்டிலோ வழியிலோ யாராவது அவளைத் தொந்தரவு செய்கிறார்கள் என்று தெரிந்தால், குழந்தைகள் உதவி எண் 1098.

வகுப்பில் வந்துவிட்டால் பெஞ்சுகளைத் தள்ளிவிடுங்கள். தலைக்கடியில் ஒரு துப்பட்டாவை மடித்து வையுங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் போடாதீர்கள், தண்ணீர்கூட. மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, "நான் இங்கதாம்மா இருக்கேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள், காதில் விழக்கூடும். கடிகாரத்தைப் பாருங்கள். உளவியல் காரணத்தால் வரும் வலிப்பு மட்டும்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லியிராத பிள்ளை என்றால் ஐந்து நிமிடம் தாண்டியதும் 108. தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம். முகம் கழுவிக்கொண்டு தன் பெஞ்சுக்கே வரட்டும். பாதியில் விட்ட கணக்கைப் பக்கத்தில் இருப்பவள் காட்டுவாள்.